முதல் இரண்டு வாரம்: ஒரே உடலுக்குள் இரண்டு எச்.ஐ.வி வகைகள் நுழைந்தால் எது நிலைக்கும்?

#1 பொருநைக்கரை

வணக்கம் நண்பர்களே. எச்.ஐ.வி பரிசோதனை மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். வைரஸ் ஆராய்ச்சி என் துறை இல்லை. ஆனால் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் படிப்பேன். அடிக்கடி வரும் கேள்வி இது: "எனக்கும் இருக்கு, அவருக்கும் இருக்கு. ரெண்டு பேரோடதும் வேற வேற கிருமியா இருந்தா, ஒருத்தர் உடம்புல ரெண்டும் சேர்ந்து இருக்குமா, ஒண்ணை ஒண்ணு அடிச்சுடுமா?"

இதைத் தேடப்போய் 2008இல் வந்த ஓர் ஆய்வைப் பார்த்தேன். தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களிலேயே பிடிபட்ட 102 பேரின் ரத்தத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 78 பேரிடம் இருந்த வைரஸ் எல்லாம் ஒரே ஒரு மூதாதை வைரஸிலிருந்து பெருகியவை. மீதி 24 பேரில்தான் இரண்டு முதல் ஐந்து மூதாதைகள். தொற்றைத் தந்தவரின் உடலில் எத்தனையோ மாறுபாடுகள் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றுதான் கரையேறியிருக்கிறது.

என் கேள்வி: அந்த ஒன்று பலசாலி என்பதால் ஜெயித்ததா, அதிர்ஷ்டத்தால் ஜெயித்ததா? மனிதரில் இதைப் பிரித்துப் பார்க்க முடியாது என்று படித்தேன். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் பதில் இருக்கிறதா? தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், படிக்கப் பொறுமை உண்டு.

#2 மைனஸ்80

நல்ல கேள்வி. இது கொஞ்சம் என் வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் விஷயம், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

மனிதரில் ஏன் பிரிக்க முடியாது? ஒருவருக்குத் தொற்று உறுதியாகும்போது எந்த நாளில் வந்தது, எத்தனை வைரஸ் நுழைந்தது, எவையெல்லாம் நுழையப் பார்த்துத் தோற்றன என்ற மூன்றுமே தெரியாது. ஜெயித்தது மட்டும்தான் கையில் கிடைக்கும். ரீசஸ் குரங்கில் இந்த மூன்றையும் நாமே முடிவு செய்யலாம். விலங்கு மாதிரியின் பயன் அதுதான்.

குரங்குக்கு எச்.ஐ.வி-1 நேரடியாக ஏறாது. அதன் செல்லில் இருக்கும் டிரிம்5 போன்ற காவல் புரதங்கள் தடுத்துவிடும். அதனால் குரங்கின் உறவு வைரஸான எஸ்.ஐ.வி-யை வைத்தோ, எஸ்.ஐ.வி உடம்புக்கு எச்.ஐ.வி-யின் மேலுறையை மாட்டிய 'ஷிவ்' என்ற கலப்பை வைத்தோதான் ஆய்வு நடக்கும்.

அதிர்ஷ்டத்தை மட்டும் தனியாக அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லா வகையிலும் சமமான வைரஸ்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறி மட்டும் போட்டு உள்ளே விடுவது. முதலில் 2014இல் எஸ்.ஐ.வி மேக்239எக்ஸ் வந்தது: புரதத்தை மாற்றாத சின்ன மரபணு எழுத்து மாற்றங்களால் அடையாளம் காட்டும் 10 வைரஸ்களின் கலவை. அப்புறம் 2017இல் மேக்239எம். வி.பி.எக்ஸ், வி.பி.ஆர் என்ற இரண்டு மரபணுக்களுக்கு நடுவே 34 எழுத்து நீளத்தில் ஒரு பார்கோடு. கலவையில் சுமார் 10,000 தனித்தனி பார்கோடுகள். அமெரிக்காவின் மேரிலாந்தில், ஃபிரெடெரிக் தேசிய ஆய்வகத்தில் செய்த வேலை.

பார்கோடு எதுவும் வைரஸின் பலத்தைக் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. ஆகவே இந்தக் கலவையில் ஒரு பார்கோடு மற்றதைவிட அதிகமாகப் பெருகியிருந்தால், அது முன்னால் கிளம்பியது என்று அர்த்தம். ரத்தக் குழாயில் நிறைய ஏற்றினால் ஏராளமான பார்கோடுகள் உள்ளே போய்விடும். ஆசனவாய் வழியாகக் குறைந்த அளவில் கொடுத்தாலோ, ஒன்றோ சிலவோதான் கரையேறும். சமமானவை மோதும்போதே வாசல் இவ்வளவு குறுகல் என்றால், 'ஒன்றுதான் வந்தது, ஆகவே அது பலசாலி' என்ற முடிவுக்கு ஆதாரம் போதாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தொடக்க நாட்களில் ரத்தத்தில் எச்.ஐ.வி இரட்டிப்பாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. ஒரு வகை 4 நாள் முன்னால் கிளம்பிவிட்டது என்று வையுங்கள். 96 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 5 முறை இரட்டிப்பாகும். இரண்டாவது கிளம்பும்போது முதலாவது 28 மடங்கு முன்னால் இருக்கும். இரண்டாவது 10 சதவீதம் வேகமாகப் பெருகக்கூடியது என்றே வைத்துக்கொள்வோம். முதலாவதைப் பிடிக்க அதற்கு 40 நாள் வேண்டும். குரங்கு ரத்தத்தில் எஸ்.ஐ.வி உச்சத்தைத் தொடுவதே சுமார் இரண்டு வாரத்தில். பந்தயமே அதற்குள் முடிந்துவிடும்.

#3 தாமிரவருணித் தம்பி

பஸ் வருவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான் இது. பின்னால் ஏறுகிறவர் எவ்வளவு பலசாலியானாலும் நின்றுகொண்டுதான் வரணும். அருமையான விளக்கம் அண்ணா, நன்றி.

#4 ஆறாம்வரிசை

> "சமமானவை மோதும்போதே வாசல் இவ்வளவு குறுகல்"

இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இதோடு நிறுத்தினால் படிக்கிறவர்களுக்குப் 'பலம் ஒரு பொருட்டே இல்லை' என்று பதிந்துவிடும். அது சரியில்லை. பலம் எவ்வளவு மூர்க்கமாக வேலை செய்யும் என்பதற்கு இந்தத் துறையின் மிகப் பழைய, மிகத் தெளிவான சாட்சி 1991இல் வந்தது.

நெஃப் என்று ஒரு மரபணு. ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்களில் அது இல்லாமலேயே வைரஸ் நன்றாகப் பெருகும். அதனால் அது உண்மையில் எதற்கு என்பதே குழப்பமாக இருந்தது. ரொனால்ட் டெஸ்ரோசியர்ஸ் குழுவினர், நியூ இங்கிலாந்து பிரைமேட் மையத்தில், நெஃப்பின் 93ஆவது இடத்தில் 'இங்கே நிறுத்து' என்ற குறியை வைத்து எஸ்.ஐ.வி-யைத் தயார் செய்து ரீசஸ் குரங்குகளுக்கு ஏற்றினார்கள். உள்ளே போனதெல்லாம் நெஃப் அறுந்த வைரஸ். கொஞ்ச காலத்தில் எடுத்துப் பார்த்தால், ஏற்றிய எல்லாக் குரங்கிலும் அந்த நிறுத்தக் குறி திருத்தப்பட்டு, முழு நெஃப் உள்ள வைரஸே ஆதிக்கம் செலுத்தியது.

இதில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். எச்.ஐ.வி, எஸ்.ஐ.வி இரண்டின் நகல் எடுக்கும் நொதியும் ஒரு லட்சம் எழுத்துக்கு ஏறத்தாழ 3 பிழை விடும். மரபுத்தொகுதி சுமார் 10,000 எழுத்து. அப்படி விட்ட பிழைகளில் எங்கோ ஒன்று தற்செயலாக அந்த நிறுத்தக் குறியைச் சரிசெய்திருக்கிறது. அந்த ஒற்றை வைரஸ் கிளம்பும்போது அதன் எதிரிகள் ஏற்கெனவே உடம்பு முழுக்கப் பரவியிருந்தார்கள். தாமதமாக, தன்னந்தனியாகக் கிளம்பிய ஒன்று எல்லாவற்றையும் முந்தியிருக்கிறது. துண்டு போட்டவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.

#5 மைனஸ்80

ஆறாம்வரிசை சொல்வது சரி. இரண்டும் முரண் இல்லை, என் கணக்கையே கொஞ்சம் நீட்டினால் போதும். வித்தியாசம் 10 சதவீதம் என்றால் பிடிக்க 40 நாள். அதே 4 நாள் பின்தங்கலோடு 50 சதவீதம் வேகமாகப் பெருகினால்? 8 நாள். உச்சத்துக்கு முன்னாலேயே முந்திவிடும். ஆக, சின்ன வித்தியாசங்களை வரிசையில் யார் முன்னால் நின்றார் என்பது விழுங்கிவிடும். பெரிய வித்தியாசத்தை எதுவும் விழுங்க முடியாது. நெஃப் பெரிய வித்தியாசம்.

இன்னொன்று. உச்சம் தாண்டியதும் போட்டி நின்றுவிடுவதில்லை. தாக்கத் தகுந்த செல்கள் குறைந்து மொத்த எண்ணிக்கை இறங்கும், ஆனால் பழைய செல் சாவதும் புது செல் தொற்றுவதும் தினமும் நடந்துகொண்டே இருக்கும். அதனால் சின்ன வித்தியாசங்களும் மாதக்கணக்கில் மெல்லத் தலைகாட்டும். முதல் இரண்டு வாரத்தில் அவற்றுக்கு நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

#6 பொருநைக்கரை

இருவருக்கும் நன்றி. நெஃப் விஷயத்தில் ஒன்று சிதைந்தது, மற்றது நல்ல நிலையில் இருப்பது. இரண்டுமே நல்ல நிலையில், சும்மா வேறு வேறு வகைகளாக இருந்தால்? மக்களிடம் பரவுவது அந்த மாதிரிதானே.

#7 ஆறாம்வரிசை

அதற்கு நேரான ஓர் உதாரணம்: மேலுறைப் புரதத்தின் 375ஆவது இடம்.

மனிதரில் பரவும் பெரும்பாலான எச்.ஐ.வி-1-இல் அந்த இடத்தில் செரின் என்ற சின்ன அமினோ அமிலம் இருக்கும். வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடிக்கும் செல் மேற்புரதம் சி.டி.4. அது பொருந்தும் குழிக்குள் இருக்கும் இடம் இது. மனிதரின் சி.டி.4-க்கு இது பொருந்தும், ரீசஸ் குரங்கின் சி.டி.4-க்குச் சரியாகப் பொருந்தாது. அதனால்தான் நேரடியாக மனிதரிடமிருந்து எடுத்த மேலுறையை மாட்டிய ஷிவ்கள் பெரும்பாலும் குரங்கில் படுத்துவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷா குழுவினர் 2016இல் என்ன செய்தார்கள் என்றால், ஏ, பி, சி, டி என்ற நான்கு துணைவகைகளின் மேலுறைகளை எடுத்து, 375இல் மட்டும் எழுத்தை மாற்றி ஷிவ்களைக் கட்டினார்கள். ஆறு வடிவம்: செரின், மெத்தியோனின், டைரோசின், ஹிஸ்டிடின், டிரிப்டோஃபேன், ஃபீனைல்அலனைன். இவற்றைக் குரங்கின் உடம்புக்குள்ளேயே மோதவிட்டார்கள்.

12 குரங்குகள். எல்லாவற்றுக்கும் தொற்று ஏறியது. ஆனால் 'இந்த எழுத்துதான் வெல்லும்' என்று ஒரே பதில் வரவில்லை. எந்த மேலுறை என்பதைப் பொறுத்து வென்ற வடிவம் மாறியது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இது. ஒரு மாற்றத்துக்குத் தனியாகப் பலமோ பலவீனமோ கிடையாது. அது எந்த உடம்பில் உட்கார்ந்திருக்கிறது, எந்த விருந்தோம்பியின் (வைரஸ் தொற்றும் உயிரின்) செல்லை எதிர்கொள்கிறது என்பதோடு சேர்த்துத்தான் பலம். 'வீரியமான ஸ்ட்ரெய்ன்' என்று செய்தித்தாளில் ஒற்றை வார்த்தையில் எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் இந்த 12 குரங்குகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

#8 நுண்நோக்கி

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், எம்.எஸ்சி. மாணவி. ஒரு சந்தேகம். ரத்தத்தில் லட்சக்கணக்கான வைரஸ் இருக்கும்போது 'இது ஒன்றின் வாரிசு, அது இன்னொன்றின் வாரிசு' என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? பி.சி.ஆர் போட்டால் எல்லாம் கலந்துதானே வரும்?

#9 மைனஸ்80

கலந்துதான் வரும். கலப்பது மட்டுமில்லை, பி.சி.ஆர் நடுவில் ஒரு துண்டின் பாதி இன்னொன்றோடு ஒட்டி, உடம்பில் இல்லாத கலப்பினத்தையே உருவாக்கிவிடும். அதைத் தவிர்க்கத்தான் ஒற்றை மரபுத்தொகுதி முறை.

செய்வது இப்படி. பிளாஸ்மாவிலிருந்து வைரஸின் ஆர்.என்.ஏ எடுத்து, அதன் டி.என்.ஏ நகலான சி.டி.என்.ஏ ஆக்குவோம். அதை நீர்த்துக்கொண்டே போவோம். ஒவ்வொரு அளவையும் 96 குழித் தட்டில் போட்டு பி.சி.ஆர் ஓட்டிப் பார்ப்போம். கெட்டியாக இருந்தால் எல்லாக் குழியும் பாசிட்டிவ். நீர்க்க நீர்க்கப் பாசிட்டிவ் குறையும். 100க்கு 30 குழிக்கு மேல் வராத அளவில் நிறுத்த வேண்டும். அந்த நிலையில், பாசிட்டிவ் ஆன ஒரு குழியில் பெரும்பாலும் ஒரே ஒரு மூலக்கூறுதான் விழுந்திருக்கும், பாய்சான் என்ற நிகழ்தகவுக் கணக்கு அப்படிச் சொல்கிறது. அந்தக் குழிகளை மட்டும் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவோம். படத்தில் ஓர் இடத்தில் இரட்டை முகடு தெரிந்தால், இரண்டு மூலக்கூறு விழுந்துவிட்டது என்று அந்தக் குழியையே தூக்கிப் போட்டுவிடுவோம்.

வேலை மெதுவாக நகரும், தட்டு தட்டாகப் போகும். ஆனால் கிடைக்கும் ஒவ்வொரு வரிசையும் உண்மையிலேயே அந்த உடம்பில் இருந்த ஒரு வைரஸ். பொருநைக்கரை சொன்ன 102 பேர் ஆய்வும் இந்த முறையில் செய்ததுதான். பார்கோடு வைரஸ் வந்த பிறகு, குறியுள்ள துண்டை மட்டும் ஆழமாகப் படித்தாலே ஆயிரக்கணக்கில் எண்ணிவிடலாம். இயற்கையான கலவைக்கு இன்றும் குழித்தட்டுதான் நம்பிக்கை.

#10 கிழக்குவாசல்

இதுவரை வைரஸைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம். உடம்பின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாட்களில் ஜெயித்தது மூன்றாம் மாதமும் ஜெயித்திருக்கும் என்று நினைக்கக் கூடாது.

எச்.ஐ.வி செல்லுக்குள் நுழைய சி.டி.4 மட்டும் போதாது, துணைக் கதவு ஒன்று வேண்டும். சி.சி.ஆர்.5 வழி நுழைவது ஒரு வகை (ஆர்5), சி.எக்ஸ்.சி.ஆர்.4 வழி நுழைவது இன்னொரு வகை (எக்ஸ்4). மனிதரில் புதுத் தொற்றில் கிட்டத்தட்ட எப்போதும் முதல் வகைதான் தென்படும். ஏன் என்பது பல வருடப் புதிர்.

நியூயார்க்கின் ஆரன் டைமண்ட் மையத்தில் ஷிவ் எஸ்.எஃப்162பி3 (ஆர்5), ஷிவ் எஸ்.எஃப்33ஏ (எக்ஸ்4) என்ற இரண்டையும் வைத்து வேலை செய்தார்கள். 1999இல் தனித்தனியாக ஏற்றிப் பார்த்தபோது ஆர்5 குடலின் சி.டி.4 செல்களைக் காலி செய்தது, எக்ஸ்4 ரத்தத்தில் சுற்றும் சி.டி.4 செல்களைக் காலி செய்தது. இருவரும் வேறு வேறு வயலில் மேய்பவர்கள்.

பிறகு 2003இல் இரண்டையும் ஒரே குரங்கில் சேர்த்து ஏற்றியதைப் பற்றி எழுதினார்கள். தொடக்க உச்சத்தில் இரண்டுமே நன்றாகப் பெருகின. அதாவது முதல் சுற்றில் எக்ஸ்4 தோற்கவில்லை. அதன் பிறகுதான் அது சரிந்தது, ஆர்5 நிலைத்தது. சரிந்த காலம் சி.டி.8 கொல்லும் செல்கள் விழித்துக்கொள்ளும் காலம். சந்தேகத்தைத் தீர்க்க, ஆன்டிபாடி கொடுத்துக் குரங்கின் சி.டி.8 செல்களை நீக்கினார்கள். அடங்கியிருந்த எக்ஸ்4 மறுபடி எழுந்தது.

இதே குரங்குகளிடம் ஒரு மாதம் கழித்து மட்டும் ரத்தம் எடுத்திருந்தால் 'எக்ஸ்4 பலவீனமானது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நாள்வாரியாக எடுத்ததால்தான் தோற்கடித்தது போட்டி வைரஸ் இல்லை, உடம்பின் காவல்தான் என்று தெரிந்தது. இந்த இழையில் எனக்குச் சொல்ல வேண்டியதாக இருப்பது இது ஒன்றுதான்: எந்த நாளில் எண்ணினோம் என்பதைச் சொல்லாமல் எது ஜெயித்தது என்று சொல்வதில் பொருளே இல்லை.

வைரஸ் நுழைந்ததும் செல்கள் வெளியிடும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் இதற்கு முந்தைய நாட்களின் காவல். 2014இல் நேச்சர் ஆய்விதழில் வந்த குரங்கு ஆய்வில், முன்கூட்டியே இன்டர்ஃபெரான் ஆல்ஃபா கொடுத்த குரங்குகளுக்குத் தொற்ற அதிக முறை வைரஸைக் கொடுக்க வேண்டியிருந்தது. தொற்றிய போதும் கரையேறிய மூதாதைகள் குறைவு. ஆனால் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே போனால் உடம்பு அதற்கு மரத்துப்போய் நிலைமை மோசமானது. காவல் கடுமையானால் வாசல் இன்னும் குறுகும், ஆனால் அதை எப்போதும் கடுமையாகவே வைத்திருக்க முடியாது.

#11 தாமிரவருணித் தம்பி

சி.டி.8 விழித்துக்கொண்டதும் வைரஸ் சும்மா இருக்குமா? தப்பிக்க மாறிக்கொள்ளாதா?

#12 கிழக்குவாசல்

மாறும் தம்பி. ஆனால் அந்த மாற்றத்துக்கு விலை உண்டு. மெல்போர்னில் ஸ்டீஃபன் கென்ட் குழுவினர் பன்றிவால் மக்காக் குரங்குகளில் பார்த்தது: வைரஸின் உட்கூட்டைக் கட்டும் காக் புரதத்தில் கே.பி.9 என்ற துண்டை சி.டி.8 செல்கள் குறிவைக்கும் குரங்குகளில், வைரஸ் அதில் ஓர் எழுத்தை மாற்றி வேகமாகத் தப்பித்தது. அதே தப்பிய வைரஸ், அந்தத் துண்டைக் குறிவைக்காத குரங்குக்குப் போனதும் பழைய எழுத்துக்குத் திரும்பிவிட்டது. காவல் இருக்கும் இடத்தில் மாறிய வகை ஜெயிக்கிறது, இல்லாத இடத்தில் பழைய வகை ஜெயிக்கிறது.

#13 நுண்நோக்கி

இரண்டு வகையும் ஒரே செல்லுக்குள் போய்விட்டால்? அப்போது போட்டி என்றே சொல்ல முடியாதே.

#14 ஆறாம்வரிசை

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். 1997. அதே டெஸ்ரோசியர்ஸ் குழு. ஒரே ஒரு ரீசஸ் குரங்கு.

ஒரு வைரஸில் வி.பி.எக்ஸ், வி.பி.ஆர் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றில் நெஃப் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. திருத்திக்கொள்ள வழியே இல்லாதபடி துண்டாகவே நீக்கிவிட்டார்கள். தனித்தனியாக ஏற்றினால் இரண்டுமே சாது, ரத்தத்தில் கொஞ்சமாக இருக்கும், நோய் வராது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே குரங்கின் இரண்டு கால்களில் தனித்தனியாக ஊசி போட்டார்கள்.

இரண்டே வாரத்தில் ரத்த செல்களில் ஆதிக்கம் செலுத்தியது எதுவுமே வெட்டப்படாத முழு வைரஸ். வைரஸ் அளவு உயர்ந்து அப்படியே நின்றது, சி.டி.4 இறங்கியது. எங்கோ ஒரு செல்லில் இரண்டும் சந்தித்திருக்கின்றன. அதிலிருந்து வெளிவந்த துகளில் இரண்டின் ஆர்.என்.ஏ-வும் ஜோடியாக ஏறியிருக்கின்றன. அடுத்த செல்லில் நகல் எடுக்கும்போது நொதி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவி, குறையில்லாத மூன்றாவதைக் கட்டியிருக்கிறது. அது இரண்டையும் தோற்கடித்துவிட்டது.

பொருநைக்கரை, உங்களிடம் வருகிறவர்களின் கேள்வியில் 'சேர்ந்து இருக்குமா, அடிச்சுடுமா' என்று இரண்டு வாய்ப்புதான் இருக்கிறது. மூன்றாவது வாய்ப்பு இது.

#15 வடக்குரதவீதி

எல்லோரும் உற்சாகமாக இருக்கும்போது குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே சொன்னதில் பாதிக்கு மேல் குரங்கும் எஸ்.ஐ.வி-யும். மனிதரும் எச்.ஐ.வி-யும் இல்லை. ஆய்வகத்தில் கொடுக்கும் அளவும் உண்மையில் நடக்கும் தொற்றும் ஒன்றா? 12 குரங்கு, ஒரு குரங்கு என்பதையெல்லாம் வைத்து எவ்வளவு தூரம் போகலாம்? ரீசஸ் நம் ஊர்க் குரங்கு வேறு. அவற்றை அடைத்து வைத்துச் செய்கிற வேலையில், கிடைக்கும் அறிவு அந்த விலைக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

#16 மைனஸ்80

கேட்க வேண்டிய கேள்விதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அளவு பற்றி: பழைய காலத்தில் ஒரே தடவையில் தொற்றியாக வேண்டும் என்று நிறையக் கொடுத்தார்கள். அது இயற்கைக்குப் பொருந்தாதுதான். 2009இல் ஆசனவாய் வழியாகக் குறைந்த அளவில் கொடுத்து, குழித்தட்டு முறையில் எண்ணிப் பார்த்தபோது, மனிதரில் காண்பது போலவே ஒன்றோ சிலவோதான் கரையேறின. அன்றிலிருந்து குறைந்த அளவில் பலமுறை கொடுப்பதே பரவலான முறை.

குரங்கு பற்றி: இந்தியா 1978இல் ரீசஸ் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அமெரிக்க மையங்களில் 'இந்திய வம்சாவளி' என்று எழுதுவது பெரும்பாலும் அதற்கு முன் போனவற்றின் சந்ததி. சீன வம்சாவளி ரீசஸில் எஸ்.ஐ.வி மேக் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. ஒரே இனத்துக்குள்ளேயே விருந்தோம்பி மாறினால் முடிவு மாறுகிறது என்றால், குரங்கு எண்ணை அப்படியே மனிதருக்கு மாற்ற முடியாது என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

ஆனால் எண்ணை மாற்ற முடியாவிட்டாலும் காரணத்தைச் சரிபார்க்கலாம். குரங்கே வேண்டாம் என்றால் மனித ரத்தத் தண்டு செல்களை ஏற்றி வளர்த்த சுண்டெலிகள் இருக்கின்றன. அங்கே உண்மையான எச்.ஐ.வி-1 பெருகும், தாக்கப்படுவது உண்மையான மனித சி.டி.4 செல். ஜப்பானில் கியோட்டோவில் கெய் சாட்டோ குழுவினர் 2012இல் இந்த எலிகளில் வி.பி.யு மரபணு இல்லாத எச்.ஐ.வி-யைப் பார்த்தார்கள். பிறந்த வைரஸ் துகளைச் செல்லின் மேலேயே கட்டிப்போடும் டெதரின் என்ற புரதத்தை அகற்றுவது வி.பி.யு-வின் வேலை. அது இல்லாத வைரஸ் தொடக்க வேகத்தில் பின்தங்கியது. இந்த எலிகளில் நோயெதிர்ப்பு அரைகுறையானது. தடுப்பூசி ஆய்வுக்கு அது குறை. தொடக்கப் பெருக்கத்தை மட்டும் தனியாகப் பார்க்க அது வசதி என்பது என் கருத்து.

மனிதர் பக்கமும் ஒத்துப்போகிறது. சாம்பியாவில் 137 தம்பதிகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். கணவன் மனைவிக்குள் கடந்துபோன வைரஸ், சராசரியாகப் பெரும்பாலான வைரஸ்களில் இருக்கும் பொது வடிவத்தை ஒத்த, சேதாரம் குறைந்த வகைப் பக்கமே சாய்ந்திருந்தது. பெற்றுக்கொள்பவரின் பிறப்புறுப்பில் புண், அழற்சி இருந்தால் அந்தச் சாய்வு குறைந்தது. வாசல் அகலமாகத் திறந்திருந்தால் பலவீனமானதும் நுழைந்துவிடும்.

12 போதுமா என்றால், சின்ன வித்தியாசங்களுக்குப் போதாது. நெஃப் போல எல்லாக் குரங்கிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் சில குரங்கே போதும். அதுவும் தவிர, ஒரே குரங்குக்குள் பல வகைகளை மோதவிடுவதால் தனித்தனிக் குரங்கு தேவையில்லாமல் போகிறது. 2014இல் நியூயார்க்கில் புது ஷிவ்களைத் தேர்ந்தெடுத்தபோதும் பல வகைகளைக் கலந்து கொடுத்து, தாக்குப்பிடித்ததை எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுதிக் குரங்கு என்று போயிருந்தால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். விலை பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

#17 வடக்குரதவீதி

விளக்கத்துக்கு நன்றி. 137 தம்பதிகள் விவரம் புதிது. புண் இருந்தால் சாய்வு குறைகிறது என்பதுதான் என்னை நம்பவைத்தது. தொடர்ந்து படிக்கிறேன்.

#18 பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நடைமுறைக் கேள்வி ஒன்றோடு முடிக்கிறேன். ஏற்கெனவே தொற்று உள்ள ஒருவருக்கு, பிறகு வேறொரு வகை வந்தால் ஏறுமா? "ஏற்கெனவே இருக்கு, இனிமே என்ன வரப்போகுது" என்று ஆணுறையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

#19 கிழக்குவாசல்

ஏறும். மனிதரில் இப்படி இரண்டாவது எச்.ஐ.வி ஏறியதை 2002இலேயே பதிவு செய்துவிட்டார்கள். குரங்கில் இதன் காலக்கணக்கைப் பார்த்தவர்கள் உண்டு. 1999இல் பன்றிவால் மக்காக் குரங்குகளில் எச்.ஐ.வி-2-இன் இரண்டு வேறு வகைகளைக் கொடுத்தார்கள். முதலாவதுக்குப் பின் முதல் சில வாரங்களுக்குள் கொடுத்தால் இரண்டாவதும் ஏறியது. மாதங்கள் கழித்துக் கொடுத்தால் ஏறவில்லை. ஆக, ஆபத்து அதிகமான காலம் புதிதாகத் தொற்றிய அந்தத் தொடக்க வாரங்கள். அப்போது பெரும்பாலானவர்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது.

ஆனால் 'சில மாதம் ஆகிவிட்டது, இனி பயமில்லை' என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது சில குரங்குகளில், இரண்டே வைரஸ்களில் பார்த்தது. மனிதரில் வெகுகாலம் கழித்தும் இரண்டாவது ஏறியது உண்டு.

#20 மைனஸ்80

அதோடு மருந்து விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணைவரிடம் இருப்பது மருந்துக்கு அடங்காத வகை என்றால், அது இவரிடம் வரும்போது போட்டியின் விதியே மாறிவிடும். லாமிவுடின் என்ற எச்.ஐ.வி மருந்துக்கு அடங்காத எம்184வி மாற்றம் வைரஸின் பெருகும் வேகத்தைக் குறைக்கும். மருந்து இல்லாத உடம்பில் அது மெல்லப் பழைய வடிவத்திடம் தோற்று மறையும், குரங்கிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் லாமிவுடின் சாப்பிடும் உடம்பில் அடங்குவது சாதா வகை, எழுவது எம்184வி. ரத்தத்தில் மறைந்தாலும் செல்களுக்குள் உறங்கும் கையிருப்பில் அது இருக்கும்.

அந்தக் கையிருப்பு எவ்வளவு சீக்கிரம் உருவாகிறது என்பதற்கும் குரங்குதான் சாட்சி. 2014 ஆய்வில் எஸ்.ஐ.வி கொடுத்த மூன்றாம் நாளே, ரத்தத்தில் வைரஸ் தென்படும் முன்பே, மருந்தைத் தொடங்கினார்கள். ஆறு மாதம் கொடுத்து நிறுத்தியதும் வைரஸ் திரும்பி வந்தது.

உங்களிடம் கேட்பவரிடம் இப்படிச் சொல்லலாம்: இரண்டும் சேர்ந்து இருக்கலாம், ஒன்று அடங்கலாம், இரண்டும் கலந்து புதிதாக ஒன்றும் வரலாம். எது நடந்தது என்பது சாதாரண பரிசோதனையில் தெரியாது. இருவரும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத நிலையில் இருந்தால், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு உடலுறவு வழியாக எந்த வகையும் போகாது. ஒருவருடைய அளவு ஏறினாலும், புதிதாக ஒரு துணைவர் வந்தாலும், ஆணுறை கட்டாயம்.

#21 பொருநைக்கரை

குறித்துக்கொண்டேன். மூன்று வாய்ப்பையும் சொல்லி, வைரஸ் அளவுப் பரிசோதனைத் தேதியையும் அப்போதே கேட்டுவிடுகிறேன்.